தொந்தி குறைய உணவும் உழைப்பும்

ஆரோக்கியம் என்பது அல்லாஹ் நமக்கு அளித்துள்ள பெரும் நிஃமத். நம் உடல் நமக்கே சொந்தமான பொருளன்று. அவன் நம்மிடம் ஒப்படைத்திருக்கும் அமானிதம். அண்டை வீட்டாரிடம் இரவல் வாங்கிய அண்டாவைக்கூட நெளியாமல் திருப்பித் தர வேண்டுமே என்று கவலைப்படுகிறோம். ஆனால் இந்த அமானிதத்தைப் பற்றி நம்மில் எத்தனை பேர் கவலைப்படுகிறோம்?

பள்ளிவாசல்களில் ஒரு மாறுதலை வாசகர்கள் கவனித்திருக்கலாம். முன்பெல்லாம் ஸஃப்பின் ஓரத்தில், தள்ளாத வயதுப் பெரியவர் ஒருவருக்காக ஒரே ஒரு நாற்காலி கிடக்கும். இன்று பல பள்ளிகளில் நாற்காலிகளே ஒரு வரிசையாகிவிட்டன. அவற்றில் அமர்ந்திருப்பவர்களில் ஐம்பது வயதைத் தாண்டாதவர்களும் உண்டு. இயலாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் சலுகை வழங்கியிருக்கிறது. அதில் குறை காண்பது நம் நோக்கமன்று. விபத்தினாலும் பிறவிக் குறையினாலும் முதுமையினாலும் அப்படித் தொழுவோர் இருக்கிறார்கள். ஆனால் வயிறு முன்தள்ளி, பாரம் தாங்காமல் முழங்கால் தேய்ந்து, நெற்றியைத் தரையில் வைக்கும் பாக்கியத்தை இழந்தவர்களும் அவர்களிடையே இருக்கிறார்கள். அந்தப் பாரத்தைக் குறைக்க முடியுமானால் முயல வேண்டாமா?

முடியும் என்பதற்கு ஒரு சான்று தருவோம். முழங்கால் தேய்மானமும் பருமனும் கொண்ட முதியவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று 2005-ஆம் ஆண்டு வெளியாயிற்று. உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கையில் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பாரத்தில் நான்கு கிலோ குறைகிறது என்று அதில் கண்டார்கள். அப்படியானால் ஐந்து கிலோ இளைத்தவர், ஒவ்வோர் அடிக்கும் இருபது கிலோ அரிசி மூட்டையை முழங்காலிலிருந்து இறக்கி வைக்கிறார்!

தொந்தி என்பது என்ன?

தொந்தியைச் செல்வத்தின் அடையாளமாகவும், பெரிய மனிதத் தோற்றமாகவும் எண்ணிய காலம் ஒன்று இருந்தது. இன்று மருத்துவம் அதை வேறு விதமாகப் பார்க்கிறது.

வயிற்றில் கொழுப்பு இரண்டு இடங்களில் சேருகிறது. ஒன்று, தோலுக்கு அடியில். கையால் பிடித்தால் மடிப்பாக வருவது இது. மற்றொன்று, இன்னும் உள்ளே, குடலையும் கல்லீரலையும் சுற்றி. இதைக் கையால் பிடிக்க முடியாது. வயிற்றை முன்னால் தள்ளுவதிலிருந்துதான் அறியலாம். முதல் வகையைவிட இரண்டாம் வகையே கெடுதல் மிகுந்தது. உட்கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அதிலிருந்து கொழுப்பு அமிலங்கள் இரத்தத்தில் கலந்து கல்லீரலை அடைகின்றன. இன்சுலின் சரிவர வேலை செய்ய முடியாமற் போகிறது. கல்லீரலில் கொழுப்பு படிகிறது. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு ஆகியவற்றுக்கு இப்படித்தான் பாதை திறக்கிறது.

நம் நாட்டு மக்களுக்கு இதில் தனிப்பட்ட ஆபத்தும் உண்டு. ஒல்லியாகத் தோன்றுவோர் உடலிலும் கொழுப்பு மறைந்திருப்பது நம்மிடையே அதிகம். புனே நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், இங்கிலாந்து மருத்துவர் ஜான் யுட்கின் ஆகிய இருவரும் தங்களையே சான்றாக வைத்து 2004-இல் ஒரு குறிப்பு வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கில் இருவரும் ஒன்றே; இருவருக்கும் 22.3. ஆனால் உடற்கொழுப்பை அளந்தபோது ஆங்கிலேயருக்கு 9.1 சதமும், நம் நாட்டவருக்கு 21.2 சதமும் இருந்தது. தராசு ஒன்றாகக் காட்டியது. உள்ளே இருந்ததோ இரட்டிப்புக்கும் மேல்! ஆகவே, "நான் குண்டாக இல்லையே, வயிறு மட்டும்தானே கொஞ்சம்" என்று யாரும் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பட்ட பெரும் ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. 20 வயதுக்கு மேற்பட்டோரில் 39.5 சதத்தினருக்கு வயிற்றுப் பருமன் இருப்பதாகவும், 11.4 சதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகவும் அது கூறுகிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்தில் இருவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அளந்து பாருங்கள்

தையற்காரர் வைத்திருக்கும் நாடா ஒன்று போதும். கால்சட்டையின் அளவைச் சொல்லாதீர்கள். அதை நாம் தொந்திக்குக் கீழே இறக்கி அணிவதால் உண்மை தெரியாது. நிமிர்ந்து நில்லுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, தோலின் மீது நாடாவைச் சுற்றுங்கள். வயிற்றை எக்காமல், சாதாரணமாக மூச்சை வெளிவிட்ட நிலையில் அளவு பாருங்கள்.

ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ 35½ அங்குலம்; பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது 31½ அங்குலம். நம் நாட்டவருக்கு வகுத்த எல்லை இது. இதைத் தொட்டுவிட்டால் கவனம் தேவை. இன்னும் எளிதான கணக்கு வேண்டுமா? இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. ஐந்தரை அடி, அதாவது 66 அங்குல உயரமுள்ளவர் 33 அங்குலத்துக்குள் இருப்பது நலம்.

நம் வீடுகளில் ஏன் இது மிகுதி?

யாரையும் குற்றம் சொல்வதற்காக அன்று. காரணம் தெரிந்தால்தான் பரிகாரம் தேட முடியும் என்பதற்காகச் சொல்கிறோம்.

விருந்தோம்பல் நம் சமுதாயத்தின் சிறப்பு. வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டோம். அது நன்மை. ஆனால் "இன்னும் ஒரு கரண்டி" என்று இலையில் திணிப்பதுதான் அன்பு என்று எண்ணிவிட்டோம். நிக்காஹ், வலீமா, பெயர் சூட்டுதல், பெருநாள், பயணம் அனுப்புதல், பயணத்திலிருந்து வந்தவரைப் பார்த்தல் என எதுவாக இருந்தாலும் பிரியாணியோ நெய்ச்சோறோ இல்லாமல் நடப்பதில்லை. முன்பு அவை எப்போதோ வந்தன. இப்போது வெள்ளிக்கிழமைதோறும் வீட்டிலும், இடையில் இரண்டு நாள் கடையிலிருந்தும் வருகின்றன. இரவு பத்து மணிக்கு மேல் புரோட்டாவும் சால்னாவும் உண்டு உடனே படுக்கும் பழக்கம் வேறு.

உழைப்பும் குறைந்துவிட்டது. அம்மியும் ஆட்டுக்கல்லும் போய்விட்டன. தெருக்கோடியில் இருக்கும் பள்ளிவாசலுக்கும் வண்டியில் போகிறோம். கடையில் கல்லாப் பெட்டியின் முன் காலை முதல் இரவு வரை அமர்ந்திருக்கும் வியாபாரிகளும், வளைகுடா நாடுகளில் அறையிலிருந்து வண்டிக்கும் வண்டியிலிருந்து அலுவலகத்துக்கும் செல்லும் நம் சகோதரர்களும் நாளொன்றுக்கு எத்தனை அடி நடக்கிறார்கள்?

உண்ணவும் பருகவும் அனுமதித்த இறைவன், அதில் அளவு கடப்பதைத் தடுத்திருக்கிறான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், முதுகை நிமிர்த்தும் அளவு உணவே மனிதனுக்குப் போதும் என்றும், மிஞ்சிப் போனால் வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்கும் என்றும் கருத்துப்பட அறிவுறுத்தினார்கள். இந்த ஹதீஸை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். சஹனைச் சுற்றி உட்கார்ந்தவுடன் மறந்துவிடுகிறோம்.

முதலில் உணவு

"நன்றாகச் சாப்பிடுவோம், பிறகு நடந்து கரைத்துவிடுவோம்" என்பது பலருடைய எண்ணம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு மேசைக்கரண்டி எண்ணெயோ நெய்யோ ஏறத்தாழ 120 கலோரி தரும். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவதும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஒரு கரண்டி நெய்க்கு அரை மணி நேர நடை! அப்படியானால் ஒரு தட்டுப் பிரியாணிக்கு எத்தனை மணி நேரம் நடப்பது? நடையால் மட்டும் வயிற்றைக் குறைக்க முனைபவர் ஏமாறுவது இதனால்தான்.

முழங்கால் வலியுள்ள பருமனானவர்களை மூன்று பிரிவாக்கி ஒன்றரை ஆண்டு கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2013-இல் வெளியாயிற்று. பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு எடையில் ஏறத்தாழ 2 சதமே குறைந்தது. உணவை மட்டும் குறைத்தவர்களுக்கு 9½ சதம் குறைந்தது. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 11 சதத்துக்கும் மேல் குறைந்தது. வலியும் அவர்களுக்கே அதிகம் தணிந்தது. எடையைக் குறைப்பது பெரும்பாலும் உணவு. குறைந்ததைக் காப்பதும் உடலுக்கு வலிமை தருவதும் பயிற்சி. இரண்டும் வண்டியின் இரு சக்கரங்கள்.

இனி, வீட்டில் செய்யத் தக்கவற்றைச் சொல்வோம்.

1. எண்ணெயை மாதக் கணக்கில் பாருங்கள். உட்கார்ந்த வேலை செய்யும் ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கைந்து தேக்கரண்டி எண்ணெய் போதும். நால்வர் உள்ள குடும்பத்துக்கு நெய், வனஸ்பதி எல்லாம் சேர்த்து மாதம் மூன்று லிட்டருக்கு உள்ளாக வரும். உங்கள் வீட்டு மளிகைச் சிட்டையை எடுத்துப் பாருங்கள். ஆறு லிட்டர் என்றிருந்தால், தொந்தியின் பிறப்பிடம் தெரிந்துவிட்டது! சட்டியில் சாய்த்து ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள்.

2. தட்டைப் பிரித்து நிரப்புங்கள். பாதித் தட்டு காய்கறியும் கீரையும். கால் தட்டு சோறு அல்லது ரொட்டி. கால் தட்டு மீன், முட்டை, கோழி, பருப்பு, பயறு இவற்றில் ஏதேனும் ஒன்று. நம் வீடுகளில் முக்கால் தட்டு சோறும், கறியில் மிதக்கும் உருளைக்கிழங்கே காய்கறியும் என்றாகிவிட்டது. சோற்றை அடியோடு நிறுத்தத் தேவையில்லை. இரண்டாம் முறை போட்டுக்கொள்வதை நிறுத்தினாலே பாதி வெற்றி. முதலில் காயை உண்டு, பிறகு சோற்றுக்கு வந்தால் பசி தானாகவே அடங்கும்.

3. சர்க்கரையை எண்ணுங்கள். ஒரு தேக்கரண்டி சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம். உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நலம் என்கிறது. மூன்று வேளைத் தேநீரில் இரண்டிரண்டு தேக்கரண்டி போட்டாலே 30 கிராம். அதற்கு மேல்தான் பிஸ்கட்டும் சர்பத்தும் புட்டி பானமும். வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்து வாருங்கள், நாக்கு பழகிவிடும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் ஆகியவையும் இந்தக் கணக்கில் சர்க்கரையே.

4. இறைச்சியை மறுக்கவில்லை, அளவும் பக்குவமும் மாறட்டும். கொழுப்பை நீக்கிவிட்டு ஆக்குங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மத்தி, சாளை, நெத்திலி போன்ற சிறு மீன்களைப் பொரிக்காமல் குழம்பாக வையுங்கள். தாளிச்சாவில் பருப்பும் காயும் மிகட்டும், கொழுப்பு குறையட்டும்.

5. இரவுச் சாப்பாட்டை முன்தள்ளுங்கள். மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் உண்டுவிட்டு, இஷாத் தொழுகைக்கு நடந்து சென்று வாருங்கள். உண்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதையும் தணிக்கிறது.

6. மெல்லச் சாப்பிடுங்கள். வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு எட்டச் சற்று நேரம் பிடிக்கும். இன்னும் கொஞ்சம் உண்ணலாம் என்று தோன்றும்போதே கையை எடுப்பது ஒரு பழக்கம், பழகினால் வரும்.

ஒரு நாளைய உணவுக்கு மாதிரி ஒன்று தருகிறோம். காலையில் மூன்று இட்லியும் சாம்பாரும், அல்லது இடியப்பத்துக்குச் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் சேர்க்காமல் கடலைக் கறியும் அவித்த முட்டையும். முற்பகலில் மோர் அல்லது கொய்யா. பகலில் ஒரு கிண்ணம் சோறு, மீன் குழம்பு, கீரை, ஒரு பொரியல். மாலையில் சுண்டல். இரவில் எண்ணெய் விடாத இரண்டு சப்பாத்தி, பருப்பு அல்லது காய்க் கூட்டு. பட்டினியும் இல்லை, தனிச் செலவும் இல்லை. வீட்டில் ஒருவருக்கு மட்டும் பத்தியச் சமையல் என்றால் நான்கு நாளில் நின்றுவிடும். எல்லோரும் இதையே உண்பதுதான் நிலைக்கும் வழி.

நோன்பு மாதத்தில் எடை ஏறுவதேன்?

நோன்பு வணக்கம்; இளைப்பதற்கான உபாயமன்று. இந்த நிய்யத்தில் கலப்படம் கூடாது. ஆனால் பகலெல்லாம் பசித்திருந்தும் பெருநாளன்று சட்டை இறுக்கமாவது ஏன் என்று சிந்திக்கலாமல்லவா? ரமலானில் எடை சராசரியாக ஒரு கிலோ அளவு குறைவதாகவும், சில வாரங்களில் அதில் பெரும்பகுதி திரும்பிவிடுவதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன. நம்மில் சிலருக்கு அந்த ஒரு கிலோவும் குறைவதில்லை. மாறாக ஏறுகிறது.

குற்றம் நோன்புக் கஞ்சியின் மீதன்று. அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் சேர்ந்த நல்ல உணவு அது. அதற்குப் பக்கத்தில் வைக்கும் சமோசா, வடை, பஜ்ஜி, கட்லட், பிறகு சர்பத்து, பிறகு சர்க்கரை போட்ட கடற்பாசி, தராவீஹுக்குப் பின் புரோட்டா என்று தொடர்கிறதே, அங்கேதான் கணக்கு தவறுகிறது. பேரீச்சம்பழம் ஒன்றோ மூன்றோ, தண்ணீர், ஒரு கோப்பைக் கஞ்சி, பழத்துண்டுகள் ஆகியவற்றுடன் இஃப்தாரை முடித்துக்கொண்டு மஃக்ரிபு தொழுதுவிட்டு, பிறகு அளவான உணவு உண்ணலாம். பொரித்த பண்டம் வாரத்தில் இரண்டு நாள் போதும். ஸஹரில் பிரியாணியைவிட, முட்டை, பருப்பு, தயிர், முழுத்தானிய உணவு ஆகியவை நெடுநேரம் தாங்கும். இப்படிச் செய்தால் இஃப்தார் வேளையில் நம் தாய்மார்கள் அடுப்படியில் எண்ணெய்ச் சட்டியோடு போராடாமல், அந்த அருமையான நேரத்தைத் துஆவில் கழிக்கவும் வழி பிறக்கும்.

உடற்பயிற்சி

"ஐவேளைத் தொழுகிறோமே, அது போதாதா?" என்று கேட்பார் உண்டு. தொழுகையில் மூட்டுகள் மடங்கி நிமிர்கின்றன, தசைகள் நீளுகின்றன என்பது உண்மையே. ஆனால் தொழுகை இறைவனின் முன் நிற்பது. நிதானமாக, அமைதியோடு செய்ய வேண்டியது. இதயம் வேகமாகத் துடித்து வியர்க்கும் பயிற்சி அதில் இல்லை, இருக்கவும் கூடாது. எனவே உடலுக்குரிய உழைப்பைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

நடை: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்தது. நாளொன்றுக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள் என்றால் 150 வந்துவிடும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியாதபடி மூச்சு வாங்க வேண்டும்; அதுவே சரியான வேகம். ஃபஜ்ருத் தொழுகைக்கு வெளியே வந்த கால்களை வீட்டுக்குத் திருப்பாமல் ஊரைச் சுற்றித் திருப்பினால் வேலை முடிந்தது.

வலிமைப் பயிற்சி: வயது ஏற ஏறத் தசை குறைகிறது. உணவை மட்டும் குறைப்பவருக்குக் கொழுப்போடு தசையும் கரையும். அதைத் தடுக்க வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை தர வேண்டும். வீட்டிலேயே செய்யத் தக்கவை நான்கு.

நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக மீண்டும் அமருங்கள், பத்து முறை. சுவருக்கு ஒரு கை தூரத்தில் நின்று, இரு உள்ளங்கைகளையும் சுவரில் ஊன்றி, மார்பைச் சுவர்ப் பக்கம் கொண்டுபோய்ப் பின்தள்ளுங்கள், பத்து முறை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிப் பாதத்தை ஊன்றி, இடுப்பை உயர்த்தி ஐந்து எண்ணி இறக்குங்கள், பத்து முறை. குப்புறப் படுத்து, முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலைப் பலகைபோல் நேராகத் தூக்கிப் பத்து எண்ணுங்கள். முடியாதவர் கால்விரலுக்குப் பதில் முழங்காலை ஊன்றலாம். எதிலும் மூச்சை அடக்கக் கூடாது.

வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பது தவறான எண்ணம். டென்னிஸ் வீரர்கள் ஒரு கையைத்தான் ஆண்டுக்கணக்கில் ஓங்கி வீசுகிறார்கள். அந்தக் கையிலும் மற்றக் கையிலும் தோலடிக் கொழுப்பு ஒரே அளவாகவே இருப்பதை 1971-இல் அளந்து காட்டினார்கள். ஆறு வாரம் வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை என்று 2011-இல் வந்த ஆய்வும் சொல்கிறது. அப்பயிற்சிகள் வயிற்றுத் தசையை உறுதியாக்கும். கொழுப்போ உடல் முழுவதிலிருந்தும் சேர்ந்துதான் குறையும். ஒரு நற்செய்தியும் உண்டு. தொடர்ந்து நடப்பவர்களுக்குத் தராசு அசையாவிட்டாலும் உட்கொழுப்பு குறைகிறது. சென்னையில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்கள் உணவைத் திருத்தி நடக்கத் தொடங்கியபோது, எடை பெரிதாகக் குறையாமலேயே, நீரிழிவு வரும் வாய்ப்பு கால் பங்குக்கும் மேல் குறைந்தது.

பெண்களுக்குச் சில வார்த்தைகள்

2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகத்துப் பெண்களில் 40 சதத்தினர் அதிக எடை கொண்டவர்கள். ஆண்களில் 37 சதம். "வீட்டு வேலையே பயிற்சிதானே" என்பார்கள். வேலை உண்டு, களைப்பும் உண்டு; ஆனால் அரை மணி நேரம் இடைவிடாத நடை அதில் கிடைப்பதில்லை. மீந்ததை வீணாக்கக் கூடாதே என்று பிள்ளைகள் வைத்துப்போன சோற்றையும் தாயே உண்கிறாள். வீண்விரயம் கூடாதுதான், அதற்கு வழி குறைவாக ஆக்குவதே தவிர, தாயின் வயிற்றில் கொட்டுவதன்று.

பர்தா பயிற்சிக்குத் தடையன்று. மொட்டை மாடியும் முற்றமும் நடைக்குப் போதும். கணவனும் மனைவியும் சேர்ந்து நடந்தால் இன்னும் நன்று. நாயகம் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதை நாம் அறிவோம். முதல் முறை அன்னையார் முந்தினார்கள். பிறகு அவர்களுக்கு உடல் சதைப்பிடித்திருந்த காலத்தில் நடந்த பந்தயத்தில் பெருமானார் முந்தி, அதற்கு இது சரியாகிவிட்டது என்று மகிழ்ச்சியாகக் கூறினார்கள். உடல் பருத்ததற்காக ஏளனமோ ஏச்சோ அங்கில்லை, உடன் ஓடினார்கள். மனைவியின் உடலைப் பிறர் முன் கேலி செய்யும் கணவன்மார்கள் இதைச் சிந்திக்க வேண்டும். வீட்டில் ஒரு பெண்ணை இளைக்கச் சொல்பவர், அவளோடு நடக்க ஒரு செருப்பையும் எடுத்து மாட்டட்டும்.

எச்சரிக்கை

நீரிழிவுக்கு இன்சுலின் ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள், டாக்டரைக் கேளாமல் திடீரென உணவைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தாகத் தாழ்ந்துவிடும். மார்பு வலி, மூச்சுத் திணறல் உள்ளவர்கள் பரிசோதித்த பிறகே பயிற்சி தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இளைக்கும் முயற்சியில் இறங்கலாகாது. தொப்புளருகே குடலிறக்கம் இருப்பவர்களும், அறுவை செய்து பிரசவித்தவர்களும் வயிற்றுப் பயிற்சிக்கு முன் ஆலோசனை பெறட்டும். சில வாரங்களில் வயிறு மட்டும் திடீரென வீங்கினால், அல்லது மற்ற அங்கங்கள் மெலிய வயிறு மட்டும் பெருத்தால், அது தொந்தியாக இராது. நீர் கோத்தலோ கட்டியோ ஆகலாம். தாமதியாமல் டாக்டரிடம் காட்டுங்கள். மிக வேகமாக இளைப்பதும் தீங்கு. பித்தப்பையில் கல் உண்டாக வாய்ப்பாகும். வாரத்துக்கு அரைக் கிலோ குறைவதே நிதானம்.

சில ஐயங்கள்

வெந்நீரில் தேனும் எலுமிச்சையும் கலந்து குடித்தால் கொழுப்பு கரையுமா?

கரையாது. வெந்நீர் தீங்கில்லை, தேனோ சர்க்கரைக் கணக்கில் சேரும்.

கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்களே?

கொள்ளில் புரதமும் நார்ச்சத்தும் உண்டு. பசியை நன்கு தாங்கும். சோற்றைக் குறைத்து அதன் இடத்தில் கொள்ளு ரசமோ சுண்டலோ உண்டால் பயன். நெய்ச்சோற்றுக்கு மேல் கொள்ளு ரசம் குடித்தால் என்ன பயன்?

கருஞ்சீரகம்?

அதன் சிறப்பை மறுப்பாரில்லை. ஆனால் உண்பதில் அளவு வேண்டும் என்பதும் அதே நபிவழிதான். ஒன்றை எடுத்து மற்றொன்றை விடலாமா?

வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை?

வியர்வையாக நீர் வெளியேறும். தண்ணீர் குடித்தவுடன் திரும்பிவிடும்.

இப்போது வந்துள்ள எடை குறைக்கும் ஊசிகள்?

மிகுந்த பருமனும் அதனால் நோயும் உள்ளவர்களுக்கு டாக்டர் பார்த்துத் தருபவை அவை. நிறுத்தியதும் எடை பெரும்பாலும் திரும்புகிறது. தாமாக வாங்கிப் போட்டுக்கொள்வது கூடாது.

இன்றே தொடங்குவோம்

ஒரு தாளில் இன்றைய தேதியையும் வீட்டிலுள்ள பெரியவர்கள் ஒவ்வொருவரின் இடுப்புச் சுற்றளவையும் எழுதி வையுங்கள். முதல் மாதம் எண்ணெய் அளவு, சர்க்கரை, இரவுச் சாப்பாட்டு நேரம் ஆகிய மூன்றை மட்டும் திருத்துங்கள். நடையைப் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். இரண்டாம் மாதம் நடை அரை மணியாகட்டும். தட்டில் பாதி காயாகட்டும். மூன்றாம் மாதம் வலிமைப் பயிற்சியைச் சேருங்கள். இரவில் ஏழு மணி நேர உறக்கமும் வேண்டும். தூக்கம் குறைந்தால் பசி மிகும். மாதம் ஒருமுறை அதே தாளில் அளவெழுதுங்கள். ஒரு கல்யாண வீட்டில் அளவு மீறிவிட்டதா? மனம் தளர வேண்டாம். அடுத்த வேளையே பழைய ஒழுங்குக்குத் திரும்புங்கள். சிறிதாயினும் தொடர்ந்து செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட பாடமல்லவா?

உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு குறைந்தாலே இரத்தத்தில் சர்க்கரையும் அழுத்தமும் தணியத் தொடங்கும். எழுபது கிலோ எடையுள்ளவருக்கு அது நான்கைந்து கிலோதான். எட்டாத இலக்கன்று.

அழகுக்காகவும் பிறர் மெச்சவும் இதைச் செய்யச் சொல்லவில்லை. நம்மை நம்பியிருக்கும் பிள்ளைகளுக்காகவும், பிறர் கையை எதிர்பாராமல் எழுந்து உலாவுவதற்காகவும், இயன்றவரை நம் நெற்றி தரையைத் தொட்டு ஸுஜூது செய்வதற்காகவுமே சொல்கிறோம். முயற்சி நம்முடையது, ஆரோக்கியம் தருபவன் அவனே. வல்ல நாயன் நம் அனைவருக்கும் உடல் நலத்தையும், அதை அவன் வழியில் செலவிடும் பாக்கியத்தையும் அருள்வானாக! ஆமீன்.